காது கேட்காத கம்பெனி

கருமத்தம்பட்டியில் தறிக்கூடம் நடத்தும் பழனியாத்தாளுக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை மட்டும் குறையாது. நூல் விலையை ஏற்றிய வியாபாரியைக்கூட, "நாசமாப் போங்க" என்றுதான் சபித்தார்.

பங்குச் சந்தையில் இறங்க, கணக்குத் தொடங்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் இந்தப் பண்பாட்டின்படியேதான்.

"செல்போன்லயே நாமளா வாங்கி விக்கலாம்மா. தரகு கம்மி" என்றாள் மகள் ரித்திகா.

"மனுசங்கூடப் பேசாத கம்பெனியில என்ன கண்ணு மரியாதை இருக்கும்?"

கோவையில் ஒரு தரகு நிறுவனத்துக்குப் போன் போட்டார். எடுத்த மிதுன் ஒரே மூச்சில் ஆறேழு 'ங்க' போட்டான். முடிந்தது தேர்வு. ரித்திகாவின் மேல்படிப்புக்கென்று இரண்டு தறிகளை விற்று வைத்திருந்த பணம் அங்கே போனது.

அதன்பின் மிதுன் தினமும் அழைத்தான். தறிச் சத்தத்தில் பாதி காதில் விழாது. ஆனால் நடுநடுவே 'சரிங்க' சொல்லாவிட்டால் லைன் கட்டாகிவிட்டதென்று எதிராளி நினைப்பாரே! பழனியாத்தாள் குறை வைக்காமல் சொன்னார்.

தீபாவளிக்குள் பணம் பாதியானது. கொதித்துப்போய் பஸ் ஏறி அலுவலகத்துக்குள் நுழைந்தவருக்கு, மிதுன் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினான்.

"இதை வித்துப்போட்டு அதை வாங்கிறலாங்களா?"

"சரிங்க."

"மறுபடி மாத்திறலாங்களா?"

"சரிங்க."

மாற்றிய ஒவ்வொரு முறையும் நிறுவனத்துக்குத் தரகு.

"சம்மதம் சொன்னது நீங்கதானுங்களேம்மா?"

"சரிங்கன்னா காதுல உளுகுதுன்னு அர்த்தமுங்க! நீங்களும் இந்த ஊருதானுங்களே? உங்கம்மாகிட்டக் கேட்டுப் பாருங்க! திருட்டு வேலைங்க இது! மிச்சத்தைக் குடுத்துப்போட்டுக் கணக்கை மூடுங்க!"

"மூடிறலாங்க. அதுக்கு முன்னாடி, விட்டதைப் புடிக்க ஒரு திட்டம் இருக்குதுங்க. போட்டுப் பாத்தறலாங்களா?"

பழனியாத்தாளின் வாய் தானாகத் திறந்தது. 'ச' உதடு வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்தார். முகம் சிவந்தது.

"போடா!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. வாழ்நாளில் அவர் 'ங்க' இல்லாமல் வெளியாளிடம் முடித்த முதல் வாக்கியம் அது.

மிச்சப் பணம் ரித்திகா சொன்ன செல்போன் கணக்குக்கு வந்தது. முதல் முறையாக, 'வாங்கலாமா?' என்று திரை கேட்டது.

"சரிங்க" என்றார் பழனியாத்தாள், பழக்கதோஷத்தில்.

திரை அசையவில்லை. விரலால் அழுத்தினால்தான் அதற்குச் சம்மதம்.

"எளவு, காதே கேக்காதாட்ட இருக்குது" என்று உறுமினார். "நல்ல கம்பெனி கண்ணு."