மூலிகைத் திரவம் விற்க வந்த பெண்

என் கணவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன வருஷம், வலங்கைமானில் எங்கள் வீட்டுக்குத் தரை துடைக்கும் மூலிகைத் திரவம் விற்க ஒரு பெண் வந்தார். ஒல்லியான உடம்பு. பேசும்போதெல்லாம் புடவைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வேப்பிலையும் எலுமிச்சையுந்தாங்க. ஆசிட் கிடையாது. குழந்தை தவழ்ற வீட்டுக்கு நல்லதுங்க.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தரையில் தவழ்ந்த என் மகள் எந்நேரமும் கையை வாயில் வைப்பவள்.

“உங்க கையில கொஞ்சம் ஊத்திக் காட்டுங்க” என்றேன்.

ஊற்றிக் காட்டினார். உடனே முற்றத்துக் குழாயில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

“இலைச்சாறுக்கு எதுக்குங்க இவ்வளவு சோப்பு?”

“வீட்டுல கைக்குழந்தை இருக்குங்க. போய்ப் பால் கொடுக்கணும்.”

சொன்ன பிறகுதான் என் மகளைப் பார்த்தார். முகம் மாறியது. பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாமல் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மறுநாள் வேறு ஊரில் விற்றாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.