கரண்ட் தின்ற மெஷின்

என் கணவருடைய அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவர் மேல் இல்லை. எங்கள் வீட்டு ஆண் சிங்கத்தின் மேல்.

அக்காவுக்குத் தையல் வேலை. வீட்டுக்காரர் காலமான பிறகு ஒரு பெட்டியோடும் மோட்டார் வைத்த தையல் மெஷினோடும் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்தார். கடைப் பெண்களுக்கும் நர்சுகளுக்கும் சீருடை தைப்பார். தன் சாப்பாட்டுக்கென்று தம்பியிடம் ஒரு நாளும் கை நீட்டியவர் இல்லை.

கரண்டை அவர் பார்த்துப் பார்த்துச் செலவழித்ததை நான் கூடவே இருந்து கண்டவள். மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, ஊசிக் கண் தெரிகிற வரைக்கும் விளக்கே போட மாட்டார். தைத்ததை ஒவ்வொன்றாக அயர்ன் செய்யாமல் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து ஒரே சூட்டில் முடிப்பார். கடைசி இரண்டு சட்டை இருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்கிவிடுவார், மிச்சச் சூடு போதுமாம். சுவரோடு ஒட்டிக் கிடந்த ஃப்ரிட்ஜை ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்ததும் அவர்தான். ஆறாத பாத்திரத்தை அதற்குள் வைக்கப்போய் நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை.

என் கணவரும் சிக்கனக்காரர்தான். அது வேறு ரகம். அக்கா வந்த மாசம்தான் இவருக்கு டேப் பைத்தியம் பிடித்தது. டி.வி., சார்ஜர், சுவிட்ச் போர்டு என்று எதில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தாலும் அதுதான் கரண்டைக் குடிக்கிறது என்று சொல்லி, மேலே கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். ஒட்டிவிட்டால் குடிக்காதாம்! படித்த மனுஷன், கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவர்.

டேப் ஒட்டியும் பில் ஏறியது. அடுத்ததும் ஏறியது. மூன்றாவது பில்லோடு இவர் தாம் தூம் என்று குதித்துக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றார்.

"நாள் முழுக்க மெஷினை ஓட்டினா வீடு தாங்குமாக்கா?"

"மிதிக்கறப்ப மட்டும்தானடா ஓடுது. அது எவ்வளவு இழுத்துடும்?"

"இந்த வீட்டுக்குப் புதுசா வந்தது வேற என்ன? நீயும் உன் மெஷினும்தான்."

சொல்லிவிட்டு மெஷினின் வயரைக் கழற்றித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒரு மாசம் ஓட்டாமல் இருந்து பார்க்க வேண்டுமாம். அப்போது அக்கா கையில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆர்டர் இருந்தது. நாற்பது சீருடை, பத்து நாள் கெடு.

"இதை மட்டும் முடிச்சிடறேன்டா. ஒழுங்கா குடுத்தா வருஷம் பூரா அங்க வேலை கிடைக்கும். அந்த வயரைக் குடுடா."

அவ்வளவு பெரியவர் கெஞ்சினார். இவர் பிடித்த பிடியை விடவில்லை.

அக்கா சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்துப் பார்த்தார். தோள் வீங்கியதுதான் மிச்சம். ஆறு சீருடைதான் முடிந்தது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரி அம்மாள் வந்து, வெட்டிய துணி வெட்டாத துணி எல்லாவற்றையும் வாரிக் கட்டிக்கொண்டு போனார். அக்கா வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். 

மறுநாள் காலை, இவர் குளித்துவிட்டு வந்த கையோடு, அக்கா கைக்கு எட்டிய அத்தனை சுவிட்சையும் ஒன்று விடாமல் அணைத்தார். ஃப்ரிட்ஜின் ப்ளக்கைக்கூடப் பிடுங்கினார். பிறகு எங்கள் இருவரையும் வாசலுக்குக் கூப்பிட்டு மீட்டரைக் காட்டினார். கரண்ட் போகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி விடாமல் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"என் மெஷினுக்கு வயரே இல்ல. இப்ப யாருடா தின்னுறது?"

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் போனார். கதவுக்கு மேலே, எட்டாத உயரத்தில் ஹீட்டர் சுவிட்ச். ஏறி, அதன் மேலிருந்த டேப்பை உரித்தார். விளக்கு செக்கச் செவேலென்று எரிந்தது. விளக்கு தெரியாததால் அணைந்திருக்கிறது என்றே எல்லோரும் நினைத்திருக்கிறோம். அது மாசக்கணக்கில் இரவும் பகலும் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறது. நானும் அக்காவும் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்கள். அந்த வெந்நீர்க் குழாயைத் திறக்கிற ஒரே ஆள் இவர்தான். எந்த நேரம் திறந்தாலும் கொதிக்கிறதே என்று ஒரு நாளாவது யோசித்தாரா? "ஹீட்டர்னா இதுதான் ஹீட்டர்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்!

இவர் முகத்தில் அசடு வழிந்தது. பீரோவைத் திறந்து வயரை எடுத்து வந்து நீட்டினார்.

"தெரியாம நடந்துடுச்சு, விடுக்கா. இனிமே நீ தாராளமா தைச்சுக்கோ."

"எதைடா தைக்கட்டும்?"

மன்னித்துக்கொள் என்று இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. டிபன் ஆகிவிட்டதா என்று என்னைக் கேட்டார்.

அடுத்த வாரமே அக்கா இன்னொரு தையல்காரப் பெண்ணோடு சேர்ந்து ஒரு அறை பார்த்துவிட்டார். மெஷினை இறக்கும் அன்று இவர் படிக்கட்டை மறித்துக்கொண்டு, "நாலு பேர் என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?" என்றார். எனக்குள் என்னவோ அறுந்தது.

"அவங்க பொழைப்பைக் கெடுத்துட்டு உங்க பேரைப் பத்திக் கவலையா? நீங்கள்லாம் ஒரு மனுஷனா? தள்ளுங்க!"

மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். இவர் நகர்ந்தார். அக்காவுக்கு நியாயம் கேட்டுவிட்ட திருப்தியில் அவர் பக்கம் திரும்பினேன்.

"இந்தக் கோபம் அன்னிக்கு எங்கம்மா போச்சு?" என்று கேட்டார் அக்கா.

வயரைப் பூட்டியபோது நானும் அங்கேதான் நின்றிருந்தேன். மூச்சு விடவில்லை. அக்கா என் பதிலுக்குக் காத்திருக்காமல் மெஷினின் மறுபக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.