செவிலிமேட்டு மலேசியா சிஸ்டர்

ஊழியக்காரியின் வேலையில் பிரசங்கம் வாரத்துக்கு முக்கால் மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் யார் வீட்டு வாசலிலாவது செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான். மலேசியாவில் தைப்பிங் தபால் நிலையத்தில் பதினெட்டு வருஷம் ஸ்டாம்ப் விற்றுக்கொண்டிருந்த என்னை எங்கள் சின்னச் சபை காஞ்சிபுரத்துக்கு அனுப்பியபோது, “உனக்கென்ன கவலை, அங்கேயும் தமிழ்தானே” என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். கல்யாணமாகியோ, மாற்றலாகியோ, பிழைப்பைத் தேடியோ வேறு ஊரில் போய் விழுந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? பாஷை தெரியாத ஊரில் வாயைத் திறக்கவே மாட்டோம். தெரிந்த ஊரில்தான் திறந்து மாட்டிக்கொள்வோம்.

காடி

முதல் ஞாயிற்றுக்கிழமை. செவிலிமேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே எங்கள் ஆராதனைக் கூடம். அங்கே அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். முப்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். படியேறிய மூச்சு வாங்கலோடு, “மன்னிச்சிருங்க, காலையிலேர்ந்து தேடுறேன், ஒரு காடிகூடக் கிடைக்கல” என்றேன்.

எங்கள் ஊரில் காடி என்றால் கார். இங்கே சபைக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே காடி, சிலுவையில் தொங்கிய இயேசுவுக்குக் குடிக்கக் கொடுத்த புளித்த காடி. புது சிஸ்டர் விடியற்காலையிலிருந்து அதைத் தேடி அலைந்திருக்கிறாள் என்றால் என்னதான் நினைப்பார்கள், பாவம். முன்வரிசையிலிருந்து பூக்கடை எஸ்தர் அக்கா மட்டும் எழுந்து வந்து, யாருக்கும் கேட்காதபடி என் காதருகே சொன்னார்: “இங்க அதெல்லாம் யாரும் குடிக்கிறதில்ல சிஸ்டர். வயிறு சரியில்லன்னா ஒரு சோடா வாங்கியாறட்டா?”

தண்ணி

வெல்டிங் வேலை செய்யும் தேவதாஸ் அண்ணனும் அவர் மனைவி மேரியும் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்கள். பேசி, ஜெபம் பண்ணி முடித்ததும் அவர்கள் கிளம்பப் பார்த்தார்கள். விடுவேனா? வந்தவர்களுக்கு டீயோ காப்பியோ போட்டுக் கொடுப்பதற்கு எங்கள் ஊரில் ‘தண்ணி கலக்குறது’ என்று பெயர். நான் உள்ளே போய்க்கொண்டே, “அண்ணே, உக்காருங்க, தண்ணி கலக்குறேன். ஒரு கிளாஸ் குடிச்சிட்டுத்தான் போகணும்” என்றேன்.

திரும்பிப் பார்த்தால் தேவதாஸ் அண்ணன் காலண்டரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. மேரி அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்: “சிஸ்டர், இந்த மனுசன் அத வுட்டு இப்பத்தான் ரெண்டு வருசம் ஆவுது, நீங்களே ஆரம்பிச்சு வெக்காதீங்கமா!”

தனசேகரின் கட்டைவிரல்

எஸ்தர் அக்காவிடம் தினமும் பூ வாங்கும் வசந்தா, பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் குடும்பம். எங்கள் சபை இல்லை. காமாட்சியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறவர். “நீங்க ஜபம் பண்ணா ஒடம்பு சரியாவுமாமே, எங்க வீட்டுக்காரரப் பாருங்க” என்று ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கணவர் தனசேகர் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். காலை மேலே எடுத்துத் துணியைப் பிரித்தார். கட்டைவிரல் கறுத்துப்போய், நாற்றம் அடித்தது. மூன்று வாரமாக எந்த டாக்டரிடமும் காட்டவில்லையாம். சுகர். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள், காலில்லாமல் மிதியை எப்படி அழுத்துவது, தறி எப்படி ஓடும் என்று பயம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதற்குத்தான் என்னைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்.

“ஜெபம் பண்றேன். இங்க இல்ல, ஆஸ்பத்திரியில” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப எதுக்குமா இங்க வந்த?” என்று கேட்டுவிட்டுத் தறியில் வேலையைத் தொடர்ந்தார். நான் போகவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவே, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். என் அப்பாவும் இப்படித்தான் புண்ணை மறைத்தார். எனக்கு மட்டும் தெரியும். அவர் கெஞ்சியதால் நானும் வாயைத் திறக்காமல் தினமும் வேலைக்குப் போய் வந்தேன். கடைசியில் காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. “அன்னிக்கு நான் வாய மூடிட்டிருந்தேன், இன்னிக்கு மூட மாட்டேன்” என்றேன்.

தறி நின்றது. குழியிலிருந்து காலைத் தூக்கி வெளியே வைத்து, “வசந்தா, சட்டைய எடு” என்றார். ஆஸ்பத்திரியில் விரலை மட்டும் எடுத்தார்கள், பாதம் தப்பியது. நான் வராந்தாவில் உட்கார்ந்து, சொன்னபடி ஜெபம் பண்ணினேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது மறுபடியும் குழிக்குள் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்: “நான் காமாட்சிக்கு நேர்ந்துக்கினேன், நீ உங்க சாமிகிட்ட சொன்ன, டாக்டரு கத்திய வெச்சாரு. யாரால பொழச்சேன்னு தெரியாம மூணு பேருக்கும் நன்றி சொல்லிட்டேன்மா!”

மாகறல் வியாழக்கிழமை

தேவதாஸ் அண்ணனின் தங்கை ராணி பக்கத்துக் கிராமமான மாகறலில் இருக்கிறார். கணவர் பைக் விபத்தில் போன பிறகு ராணி பேச்சை நிறுத்திவிட்டார். சமைப்பார், துணி துவைப்பார், யார் கேட்டாலும் பதில் மட்டும் வராது. வியாழக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய், எனக்குத் தெரிந்த ஆறுதலையெல்லாம் சொன்னேன். ஒரு மாதத்தில் அது தீர்ந்துவிட்டது. பிறகு பாட்டுப் பாடினேன். என் குரலைப் பற்றி நான் சொல்லக் கூடாது, தைப்பிங்கில் பாடகர் குழுவிலிருந்து என்னை மரியாதையாக நாற்காலி அடுக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். ராணி சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும் பஸ்ஸில், இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று தோன்றும்.

மூன்றாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, சொல்லவும் ஒன்றுமில்லாமல், பாடவும் தெம்பில்லாமல், ராணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முறத்தில் இருந்த வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் உரித்தோம். நான் பருப்பைத் தோல் குவியலிலும் தோலைப் பருப்பிலும் மாற்றி மாற்றிப் போட, ராணி பொறுக்கி எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டே வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வழக்கம்போல முடிக்கும் பாட்டுக்காகத் தொண்டையைச் செருமினேன். ராணியின் கை என் கையைப் பிடித்தது. நான் முதல்முதலாக அவர் குரலைக் கேட்டேன்: “பாட்டு வேணாம் சிஸ்டர். அடுத்த வாரமும் கடல இருக்குது, வந்து சும்மா உக்காந்துக்கினு இருங்க, போதும்.”

விசாரணை

விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். ஒரு நாள் மத்தியானம் ஒரு போலீஸ்காரர் விசாரிக்க வந்தார். கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா கலாவதி அக்கா. விடிந்ததும் அவர் வீட்டுப் பூஜை மணியில்தான் எனக்கு விழிப்பு. நல்லவர்தான், ஆனால் எங்களுக்குள் ஒரு தீராத வழக்கு உண்டு. நான் மோட்டர் போட்டுவிட்டு மறந்துபோவேன். தொட்டி வழிந்து, மாடியில் அவர் காயப்போட்ட வடகமெல்லாம் நனைந்துவிடும். அன்று காலையும் நனைந்திருந்தது. நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போலீஸ்காரர் அக்காவிடம் மரியாதையாகத்தான் கேட்டார். எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறார், யார் யார் வருகிறார்கள், கடைசியாக, “மதம் கிதம் மாத்துறாங்களா?” அவர் என்ன எழுதிக்கொண்டு போனார் என்று எனக்குத் தெரியாது, மூன்று வாரத்தில் நீட்டிப்பு வந்துவிட்டது. கலாவதி அக்கா சொன்ன பதில் மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: “போட்ட மோட்டர நிறுத்தவே தெரியல சார் இவங்களுக்கு, மதத்த எங்க மாத்தப் போறாங்க? இருந்துட்டுப் போவட்டும், நல்ல பொண்ணு!”

இத்தனை நாளில் நான் யார் யாரைத் திருத்தினேன் என்று தைப்பிங் சபைக்கு அனுப்பும் அறிக்கையில் எழுத ஒரு வரியும் தேறவில்லை, என்னைத் திருத்தியவர்களின் பட்டியல்தான் மாதாமாதம் நீண்டுகொண்டே போகிறது.