துணி கட்டிய போத்தல்

நேற்று மகன் களைநாசினியில் மிஞ்சியதைச் சோடாப் போத்தலுக்குள் ஊற்றி மூடினான். ஊற்றாதே என்று சொன்னால் கேட்கமாட்டான். பிறகு உடுத்துப் பழசான சாரத்தில் ஒரு கீலம் கிழித்துப் போத்தலின் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். இடதை வலதுக்கு மேல், பிறகு வலதை இடதுக்கு மேல். தட்டையாகப் படிந்து கிடக்கும் முடிச்சு. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், கூரை வளையில் அதைத் தொங்கவிட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டான். நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எங்கள் வளவுக்கு முதலில் கொண்டுவந்தவள் என் மச்சாள். மனைவியின் தங்கச்சி.

அது போர்க்காலம், எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலம். உடையார்கட்டுக் குளத்துக்குக் கீழே எங்களுக்கு வயல். மனைவியின் தகப்பன், மாமா குடும்பமும் நாங்களும் ஒரே வளவுக்குள் இரண்டு கொட்டில் போட்டிருந்தோம். விளக்குக்கும் மண்ணெண்ணெய், மோட்டார்சைக்கிளுக்கும் மண்ணெண்ணெய். கிடைக்கிற நாளில் வாங்கிச் சோடாப் போத்தலில் வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். வேறு ஏனம் இருக்கவில்லை. அந்த நாட்களில் யாரோ வெளியார் வந்து பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு வைத்தார்கள். மச்சாள் போனாள். முடிவில் முக்கோணமாக வெட்டிய வெள்ளைத் துணி ஒன்று கொடுத்துவிட்டார்கள். அந்தத் துணியோடு அவள் எங்களைப் படுத்தியது கொஞ்சமில்லை. சும்மா இருக்கிற ஆளைக் கண்டால் கையைத் தூக்கிக் கட்டிவிடுவாள். ஒருநாள் என் கையைக் கழுத்தோடு கட்டிவிட்டு, அவிழ்க்காமல் மா இடிக்கப் போய்விட்டாள். அடுத்த வளவுக் கடைக்கார அண்ணன் வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, மனிசி அடிச்சுப்போட்டாவோ?" என்று கேட்டார். மாமா அவளை "டாக்குத்தர் அம்மா" என்றுதான் கூப்பிடுவார். "டாக்குத்தர் அம்மா, மாடு நொண்டுது, ஒருக்கால் கட்டிவிடு பிள்ளை." அவள் கோபிக்க மாட்டாள். "மாடு பேசாமல் நிக்கும் ஐயா, நீங்கள்தான் துள்ளுவியள்" என்பாள்.

ஒரு மத்தியானம். நல்ல வெயில். நான் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தேன். குசினிக்குள் மனைவி கத்தினாள். எங்கள் சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. விளையாடிவிட்டுத் தண்ணீர் விடாயில் ஓடிவந்தவன், விளக்குக்கு ஊற்றிவிட்டு வைத்த போத்தலை எடுத்து வாயில் கவிழ்த்துவிட்டான். நான் தூக்கும்போது இருமிக்கொண்டிருந்தான். சட்டை எல்லாம் மண்ணெண்ணெய். வாயைத் திறந்தால் மணம் முகத்தில் அடித்தது. மாமா ஓடிவந்தார். வந்ததும் தன் மகனைத்தான், என் மச்சினனைத்தான் கூப்பிட்டார். "டேய், சாணியைக் கரைச்சுக் கொண்டு வாடா! கெதியா!"

அதற்கு ஒரு காரணம் இருந்தது. என் மச்சினன் முன்னொருக்கால் ஏதோ கோபத்தில் வயலுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தவன். மாமாதான் சாணித் தண்ணியைப் பருக்கி, குடித்தது வெளியே வரச் சத்தி எடுக்கப்பண்ணினார். அவன் பிழைத்தான். அந்தப் பிழைத்தவன்தான் இப்போது சிரட்டையில் சாணித் தண்ணியோடு நின்றான். நஞ்சு குடித்தால் சத்தி எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மச்சாள் கிணற்றடியில் இருந்து ஈரக் கையோடு வந்தாள். சிரட்டையைத் தட்டிவிட்டாள்.

"சத்தி எடுக்கப் பண்ணக்கூடாது ஐயா."

"உனக்கென்ன விசரே? கொண்ணன் உயிரோட நிக்கிறான், பார்!"

"அது வேறை மருந்து. இது மண்ணெண்ணெய். வயித்துக்குள்ளை கிடந்தால் பெரிசா ஒண்டும் செய்யாது. திரும்பி மேல வரேக்கை நெஞ்சுக்குள்ளை போனால்தான் ஆபத்து."

"நாலு நாள் வாங்கில குந்தியிருந்திட்டு வந்து எனக்குப் படிப்பிக்கிறியோ? பிள்ளை செத்தால் நீ பதில் சொல்லுவியோ?"

மனைவி அழுதாள். ஒருக்கால் தகப்பனைப் பார்த்தாள், ஒருக்கால் தங்கச்சியைப் பார்த்தாள். மச்சினன் மறுபடியும் சாணி கரைக்கப் போனான். பிள்ளை என் மடியில். எனக்குப் படிப்பில்லை. மாமா சொன்னதை நான் கண்ணால் கண்டவன். மச்சாள் சொன்னதைக் கண்டவர் அங்கே ஒருவரும் இல்லை. பிழையான ஆளை நம்பினால் பிள்ளை போய்விடும். அது ஒன்றுதான் எனக்கு விளங்கியது.

அப்போது நான் அவள் கையைப் பார்த்தேன். வாய் தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. கை பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டது. சவர்க்காரம் போட்டு நாடியையும் நெஞ்சையும் கழுவிவிட்டது. வாயை விரலால் துடைத்தது. நாங்கள் கத்திக்கொண்டு நின்றோம். அவள் கைக்கு மட்டும் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. நான் பிள்ளையோடு எழும்பினேன். "அண்ணன், மோட்டார்சைக்கிளை எடுங்கோ" என்று வேலிக்கு மேலால் கடைக்கார அண்ணனைக் கூப்பிட்டேன். மாமா என்னை ஏசியது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடுகிற மோட்டார்சைக்கிள் லேசில் கிளம்பாது. முதலில் இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்ட வேண்டும். கடைக்கார அண்ணன் மருந்துப் போத்தலில் ஒளித்து வைத்திருந்த பெற்றோலை எடுத்துவந்து சொட்டு விட்டு உதைத்தார். கிளம்பவில்லை. உதைத்தார். பிள்ளையின் இருமல் மாறி மூச்சு இரையத் தொடங்கியது. திரும்ப உதைத்தார். கிளம்பிப் புகைத்தது. பிள்ளையின் வாயில் இருந்த மணமும் அந்தப் புகையின் மணமும் ஒன்று.

அண்ணன் முன்னால் இருந்து ஓட, நான் நடுவில், மச்சாள் எனக்குப் பின்னால். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற றோட்டு முழுக்கப் பள்ளம். "நிமித்திப் பிடியுங்கோ அத்தான்" என்றாள். பிள்ளைக்குக் கண் சொருகியது. "நித்திரையாக விடாதேங்கோ. கதைச்சுக்கொண்டு வாங்கோ." என்ன கதைப்பது? நான் கதைக்கிற ஆள் இல்லை. கண்டதை எல்லாம் சொன்னேன். "அங்க பாரடா மாடு. அங்க பார் பனை. அந்தா வண்டில். மாமா ஒராள் சைக்கிளில போறார்." என் ஆயுளில் அவ்வளவு நான் கதைத்ததில்லை. பாதி வழியில் பிள்ளை ஓங்காளித்தான். "நிப்பாட்டுங்கோ!" என்று மச்சாள் கத்தினாள். இறங்கமுதலே அவனைப் பறித்துத் தன் முழங்காலில் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்திப் பிடித்தாள். வந்தது எல்லாம் புழுதியில் விழுந்தது. உள்ளே திரும்பவில்லை. இடுப்பில் செருகியிருந்த அந்த முக்கோணத் துணியால் வாயைத் துடைத்தாள். பிள்ளையின் சொண்டு லேசாக நீலம் பாரித்திருந்தது. "ஏறுங்கோ" என்றாள்.

டாக்குத்தர் கேட்ட முதல் கேள்வி, "சத்தி எடுக்கப் பண்ணினீங்களோ?"

"இல்லை. தானா ஒருக்கால் எடுத்தவன். குப்புறப் பிடிச்சனான்" என்றாள் மச்சாள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஒட்சிசன் குழாயை எடுத்தார். மச்சினன் சாணித் தண்ணியில் பிழைத்த கதையை நான் சொல்ல, அவர் சொன்னார், "வயல் மருந்துக்கும் சாணித் தண்ணி வேண்டாம். அண்டைக்குத் தப்பினது உங்கடை ஆளின்ரை அதிட்டம். நேரை இஞ்ச கொண்டு வாங்கோ." சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது. நெஞ்சில் சளி. கட்டிலில் எழும்பி இருந்து, "பசிக்குது" என்று அவன் சொல்லும்வரை மச்சாள் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் மாமா சைக்கிளில் வந்தார். பேரனைப் பார்த்தார். மகளிடம் சோற்றுப் பார்சலை நீட்டி, "சாப்பிடு பிள்ளை" என்றார். அவள் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். அதற்குப் பிறகு அவர் அவளை டாக்குத்தர் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

அந்தத் துணியை எத்தனை தரம் தோய்த்தும் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. மச்சாள் அதைக் கீலம் கீலமாகக் கிழித்து, வளவில் இருந்த மண்ணெண்ணெய்ப் போத்தல், மருந்துப் போத்தல் எல்லாவற்றுக்கும், குடிக்கிறதில்லை என்று தெரிய, கழுத்தில் கட்டினாள். வகுப்பில் பழகிய முடிச்சு. கட்டி உயரத்தில் தொங்கவிட்டாள். துணி முடிந்ததும் பழஞ்சீலை. அதைப் பார்த்து அடுத்த வளவிலும் கட்டினார்கள். கடைக்கார அண்ணன் கடையில் மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கும்போதே ஒரு கிழிசலும் கொடுத்தார். மச்சாள் பிறகு பூவரசங்குளத்தில் கலியாணம் முடித்துப் போனாள். இப்போதும் அங்கேதான்.

அந்தச் சின்னவன்தான் நேற்றுப் போத்தல் கட்டிய மகன். அவனுக்கு அந்த மத்தியானம் நினைவில்லை. மாரி காலத்தில் நெஞ்சு கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். நேற்றுப் பின்னேரம் அவன் வயலால் வந்து கால் கழுவும்போது கேட்டேன்.

"இந்த முடிச்சு உனக்கு ஆர் காட்டித் தந்தது?"

அண்ணாந்து போத்தலைப் பார்த்தான். "இதென்னப்பா கேள்வி? எல்லாரும் இப்பிடித்தானே கட்டுறவை."

சாணித் தண்ணியும் ஒரு காலம் எல்லாரும் செய்ததுதான். அதை அவனுக்குச் சொல்லவில்லை. கதிரையில் ஏறி முடிச்சை ஒருக்கால் இழுத்துப் பார்த்தேன். இறுகித்தான் இருந்தது.