ஜெயமேரி மேடம் விட்டுவைத்த நான்கு வரிகள்

மேடம் போய்விட்ட செய்தி வந்தபோது நான் ஒரு ஸ்டெபிலைசரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து அவர் தங்கை போனில் பேசினார். "அக்கா வெள்ளனே போயிட்டாங்க தம்பி. ஆஸ்பத்திரியிலதான். மலையில மொதல்ல உங்களுக்குச் சொல்லச் சொல்லியிருந்தாங்க." மற்றவர்களுக்கு அழுகை வந்திருக்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் என் மேல்தான். ஆனால் அவர் மேலும் கொஞ்சம் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

நம் கல்லூரியில் படித்த உங்களில் பலர் ஜெயமேரி மேடத்தை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது கல்லூரியின் செண்பகனூர் ஆய்வுக்கூடத்தில். அவர் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர். நான் அங்கே கருவிகளைப் பழுது பார்ப்பவன். மேல்மலையில் பூண்டு போடுகிற வீட்டுப் பிள்ளை. முதல் நாளே ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே ஏரிச் சேறு, இரண்டு கரித்தகடு, இரண்டு ஒயர். "இதுல இருக்குற பாக்டீரியா சாப்பிட்டு முடிச்சதும் எலக்ட்ரானை வெளிய தள்ளுது தவமணி. தள்ளுற வாசல்தான் சின்னதாக் கெடக்கு. அதைப் பெருசாக்கணும். அதுதான் என் சோலி" என்றார். வாசல் என்று அவர் சொன்னது பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தை. மரபணுவை மாற்றி அந்தப் புரதத்தை நிறையச் செய்ய வைத்தால், அதே தீனிக்குக் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். தீனி, கேரட் கழுவிய தண்ணீர். நம் மலையில் அதற்கா பஞ்சம்!

சொல்வது சுலபம். மாற்றிய பாக்டீரியா கொஞ்ச நாள் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு, நாம் சேர்த்த மரபணுவை உதறிவிட்டுப் பழையபடி ஆகிவிடும். "உதறுனவன் வெரசாப் பெருகிடுறான். வேலை செய்றவன் பின்னால கெடக்குறான். நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கு பாருங்க" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. குளிர்தான் காரணம் என்று நினைத்து நான் பெட்டிக்கு ஹீட்டர் வைத்தேன். ஒரு குண்டூசித் தலை அளவு விளக்கு எரிய இரண்டு ஹீட்டர் ஓடின. கரண்டு போனால் விளக்கும் சேர்ந்து மங்கும். மின்சாரம் செய்கிற பெட்டி மின்சார வாரியத்தை நம்பி இருந்தது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை நான் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, மீட்டர் கெட்டுவிட்டது என்று ஒரு நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்டுபிடித்தார். ஆய்வு நோட்டில் அன்றைய பதிவுக்குக் கீழே நான்கு வரி காலியாக விட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார். "தப்புப் பண்ணுனவங்க கையாலதான் அது நோட்டுல ஏறணும். நான் எழுதுனா அது புகார். நீங்க எழுதுனா அது தகவல்." எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு சரி, அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கடைசியில் ஜெயித்தார். உதற முடியாதபடி அந்த மரபணுவை பாக்டீரியாவின் சொந்த மரபணுத் தொடருக்குள்ளேயே கோத்துவிட்டார். மீட்டர் முள் எழுந்து மறு கோடிக்குப் போய், இரண்டு மாதம் இறங்காமல் நின்றது. திட்டத்துக்குப் பண உதவி செய்கிறவர்கள் கீழேயிருந்து பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் தீனி தீர்ந்துவிட்டது. நான் கேனை எடுத்துக்கொண்டு காய்கறி மண்டிக்கு ஓடினேன். கேரட் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு டிரம் நிறையக் கலங்கல் தண்ணீர் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. மொண்டு வந்து ஊற்றினேன்.

மறுநாள் காலையில் முள் படுத்துவிட்டது. வந்தவர்கள் மூன்று பேர். பார்த்தார்கள், டீ குடித்தார்கள். "இந்தக் குளிருக்கு இதெல்லாம் சரிப்படாதுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, பனிமூட்டம் இறங்குவதற்குள் காரில் ஏறிவிட்டார்கள்.

நான்காம் நாள் மண்டியில் வேலை செய்யும் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்ணே, அன்னைக்கு நீங்க மொண்டுட்டுப் போனது பூண்டு ஊறப்போட்ட டிரம்முல்ல? ஓட்டலுக்கு உரிக்கிறதுக்கு ஊற வச்சிருந்தோம். அதைக் கொண்டு போய் என்னண்ணே செஞ்சீக?" பூண்டுச் சாறு பாக்டீரியாவைக் கொல்லும் என்று தெரிய படிப்பு வேண்டாம். பூண்டு அறுவடையாகும் அந்தப் பருவத்தில் எங்கள் பக்கத்துப் பஸ்ஸே பூண்டு மணக்கும். என் சட்டை மணக்கும், நானே மணப்பேன். என் மூக்குக்கு அது ஒரு வாசனையாகவே தெரியவில்லை. பூண்டுக்காரன் பிள்ளை பூண்டால் கெடுத்தான் என்று ஊர் சிரிக்குமே என்று வாயை மூடிக்கொண்டேன். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

மேடம் உறைய வைத்திருந்த மிச்சத்திலிருந்து மறுபடி வளர்த்தார். முள் மறுபடி எழுந்தது. மறுபடி வந்து பாருங்கள் என்று கடிதம் போட்டார். "அன்றைக்கு ஏன் விழுந்தது என்று காரணம் எழுதுங்கள், பிறகு யோசிக்கிறோம்" என்று பதில் வந்தது. ஒரே ஒரு காரணம்தான் கேட்டார்கள். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடம் என்னைக் கேட்டார். "அன்னைக்கு வேற ஏதாச்சும் மாறுச்சா தவமணி?"

"இல்லைங்க மேடம்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டார். பணம் நின்று திட்டம் முடிந்தது. பெட்டிக்குத் தீனி ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. தனக்குத் தெரியாத காரணத்தை இட்டுக்கட்டி எழுத அவருக்கு வராது. குளிர் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும், பெரிய ஹீட்டருக்காவது வழி பிறந்திருக்கும். அப்போது எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. என் லட்சணத்துக்குக் கோபம் வேறு.

அடக்கம் முடிந்த அன்று அவர் தங்கை ஒரு பை கொடுத்தார். உள்ளே அந்த நோட்டு. முள் விழுந்த நாளைத் தேடிப் போனேன். அளவுகளுக்குக் கீழே அவர் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது இதுதான்: "பெட்டியைத் திறந்தேன். பூண்டு மணம். மூக்கு சொன்னதை இங்கே எழுதலாம், அறிக்கையில் எழுத முடியாது. தவமணி சொன்னால் எழுதலாம்." அதற்குக் கீழே வேறொரு நாளின் மையில்: "கேட்டேன். இல்லை என்றார்." அதற்கும் கீழே நான்கு வரி காலி.

நான் சொல்லக் காத்திருந்திருக்கிறார். இரண்டு வருடம் தினமும் "சாப்பிட்டீங்களா தவமணி" என்று கேட்டார், இதை மட்டும் மறுபடி கேட்கவில்லை. ஒருமுறை மேசையைத் தட்டி, "பூண்டுத் தண்ணியா ஊத்துனீங்க?" என்று கேட்டிருந்தால் அங்கேயே ஒப்புக்கொண்டிருப்பேன். ஏன் மேடம் கேட்கவில்லை? இனி இதை யாரிடம் கேட்பது?

அவருடைய பெட்டியில் முள் இன்னும் எழுந்துதான் நிற்கிறது. அது கல்லூரியின் சொத்து, அங்கேயே இருக்கட்டும். நான் வைத்துக்கொண்டது அந்த நோட்டை மட்டும். நேற்று அந்தப் பக்கத்தில் எழுதினேன்: "கேரட் தண்ணீர் என்று நினைத்து, கேட்காமல் பூண்டு ஊறிய தண்ணீரை ஊற்றியது நான். மேடம் செய்த பாக்டீரியாவில் எந்தக் குறையும் இல்லை." கையெழுத்துப் போட்டேன். நகலெடுத்து, காரணம் கேட்டவர்களுக்கு அனுப்பியும் விட்டேன்.

நான்கு வரி விட்டிருந்தார். இரண்டே போதுமாக இருந்தது.