பன்றிக்கு முன்னால் இருமியவர்

வெள்ளைக்காரர்களின் முதல் பெரிய சண்டை முடிகிற சமயத்தில்தான் அந்தக் காய்ச்சல் இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் வந்தது. நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில், இருந்தோம். என் கணவருக்குத் துரை பங்களாச் சமையலறையில் வேலை. மிஞ்சிய சோற்றை வாளியில் கொண்டுவந்து பக்கத்து வீட்டு விதவையின் பன்றிகளுக்குப் போடுவார். போட்டுவிட்டுத் திரும்பினால் பரவாயில்லை. பட்டியில் சாய்ந்துகொண்டு அவளோடு பேசிச் சிரிப்பார். என்னோடு பேசத்தான் அவருக்கு அலுப்பு. அந்தச் சிரிப்பு காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கடைத்தெருவுக்குப் போனவர் உடம்பு நெருப்பாய்க் கொதிக்கத் திரும்பினார். இருமிக்கொண்டே அன்றும் வாளியைத் தூக்கினார்.

"பேசாம படுங்களேன்."

"வாயில்லா ஜீவன், பட்டினி கெடக்கும்" என்றார்.

மறுநாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் பன்றிகள் தும்ம ஆரம்பித்தன. மூக்கு ஒழுகி மூலையில் சுருண்டன. கொஞ்ச நாளில் லயம் முழுக்கக் காய்ச்சல். சாவும் விழுந்தது.

பன்றிதான் சீக்கைக் கொண்டுவந்தது என்று பேச்சுக் கிளம்பியது. அவற்றை வெட்டிப் புதைக்கக் கங்காணி ஆட்களோடு வந்தார். அந்த விதவை பட்டியை மறித்து நின்று அழுதாள். சத்தம் கேட்டு என் கணவர் பாயிலிருந்து எழப் பார்த்தார். "நான் போயி சொல்றேன்" என்று சுவரைப் பிடித்தார். நிற்கவே முடியாத மனுஷன், அவளுக்காகப் பரிந்து பேசப் போகிறாராம். எனக்குப் பொறுக்கவில்லை. அவரைப் படுக்க வைத்துவிட்டு நானே போனேன்.

"பன்னிக்கு முன்னாடி இருமினது எங்க வீட்டுக்காரருங்க. அவருதான் இங்க நின்னு தீனி போட்டாரு."

"தெனமுமா?" என்று கூட்டத்தில் ஒருத்தி இளித்தாள்.

"ஆமா, தெனமும்!"

மருந்து கொடுக்க வந்திருந்த டிஸ்பென்சர் ஐயா தலையை ஆட்டினார். "அப்ப மனுஷன்கிட்ட இருந்துதான் பன்னிக்குப் போயிருக்கு. வெட்டி என்ன ஆகப் போகுது?"

கங்காணி ஆட்களைத் திருப்பி அனுப்பினார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் உதறிவிட்டு வந்தேன்.

காய்ச்சல் விட்டதும் என் கணவர் முதலில் கேட்டது, "பன்னி பொழச்சிருச்சா?"

பல வருஷம் கழித்து அதே டிஸ்பென்சர் என் கணவரிடம் ஒரு செய்தி சொன்னார். பன்றிக் காய்ச்சலும் நம் காய்ச்சலும் ஒட்டு உறவாம்; யார் யாருக்குக் கொடுத்தது என்று படித்தவர்களுக்கே இன்னும் தகராறாம். அதைக் கேட்டவர் வீட்டுக்கு வரவில்லை. நேரே அவளிடம் சொல்லப் போய்விட்டார்.