வஜீஹ் இங்கே குடியிருக்கிறாரா?

கோப்பும் கையுமாக யார் சந்துக்குள் நுழைந்து விசாரித்தாலும், முடிவெட்டும் வஜீஹின் கத்தரி நிற்காது. தேடப்படுகிற ஆள் அவருடைய நாற்காலியிலேயே சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பார். "அப்படி யாரையும் தெரியாதே" என்பார் வஜீஹ், தலையைக்கூடத் திருப்பாமல். ஜெருசலேம் பழைய நகரத்துச் சந்துகளில் இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை அது.

போன குளிர்காலம் அவருக்கு நெஞ்சடைத்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். மனைவி போனபின் தனிக்கட்டை. நகரத்தைப் பிரிக்கும் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், நகர எல்லைக்கு வெளியே, மகள் சுஹாவின் வீட்டில் சில மாதம் படுத்துக் கிடந்தார். திரும்பி வந்தால், அரசு மருத்துவக் காப்பீடு நின்றிருந்தது. நகர எல்லைக்குள் குடியிருப்பவருக்குத்தான் காப்பீடாம். விசாரிக்க ஆள் வருமாம். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"வரி கட்டறதுக்கு நான் இங்க இருக்கேன். மாத்திரைக்கு மட்டும் இல்லையாம். அப்போ நான் எங்கதான்யா இருக்கேன்?" என்று பாதிச் சவரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்பார். நுரை காய்ந்துபோகும்.

வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தார்: "யாராச்சும் கேட்டா, வஜீஹ் இங்கதான் இருக்கான்னு சொல்லுங்க."

எதிர் மசாலாக் கடை ஃபக்ரி கண்ணடித்தான். "புரிஞ்சுது அண்ணே. இல்லேன்னு சொல்லிடறோம்."

"இருக்கேன்னு சொல்லுடா, கழுதை!"

"சரி, சரி. வெளிய வராது."

ஒரு நாள் கோப்போடு ஒரு பெண் வந்தாள். "வஜீஹ் துப்பாக்னு ஒருத்தர், இந்தச் சந்துலயா இருக்கார்?" வஜீஹ் ஒரு மீசையில் மூழ்கியிருந்தார். "அப்படி யாரையும் தெரியாதே."

அவள் எதையோ குறித்துக்கொண்டு நகர்ந்தாள். நாற்காலிக்காரர் துள்ளினார்: "யோவ், அது நீர்தானய்யா!"

வஜீஹ் சவரக் கத்தியோடு ஓடினார். "நான்தாம்மா வஜீஹ்! இதான் என் கடை, மேல என் வீடு!" அடையாள அட்டையை நீட்டினார்.

"இது நீங்க யாருன்னு சொல்லுது. எங்க இருக்கீங்கன்னு சொல்லலையே" என்றவள் ஃபக்ரி பக்கம் திரும்பினாள். "இவர் இங்கயா இருக்கார்?"

ஃபக்ரி கத்தியைப் பார்த்தான், கோப்பைப் பார்த்தான், நெஞ்சில் கை வைத்தான். "சத்தியமா இவரை நான் பார்த்ததே இல்லம்மா."

காப்பீட்டைத் திரும்பப் பெற மேல்முறையீடு நடக்கிறது. மாத்திரையைக் கைக்காசில் வாங்குகிறார். மகள் வீட்டில் ஒரு இரவுகூடத் தங்குவதில்லை. மதியம் ஆனால் நாற்காலியைச் சந்தின் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒதுங்கித்தான் போகவேண்டும். படமெடுக்க வரும் வெளிநாட்டாருக்கும் ரொட்டியை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் கடிக்கிறார்.